பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த ஒரு கட்டட விதி, பழைய கேஸ் பாய்லரைக் கழற்றிப் புதிது வைக்கும் ஒவ்வொரு குடும்பமும், விலக்குப் பெற்ற சில வீடுகள் நீங்கலாக, கண்டென்சிங் பாய்லர் என்று வழங்கும் உயர்திறன் பாய்லரையே வைத்தாக வேண்டும் என்று நிர்ப்பந்தித்தது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், புகைபோக்கி வழியே வீணாய் வெளியேறும் உஷ்ணத்தை வீட்டுக்குள்ளேயே மீட்டுக்கொள்ள வேண்டும் என்ற அந்த நோக்கம் நல்ல நோக்கம். அதை மறுப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கடந்த பின்னும், லண்டனிலும் அதன் புறநகர்களிலும் நம்மவர் நாலுபேர் கூடும் கல்யாண மண்டபமானாலும் கோயில் பிராகாரமானாலும், நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் ஒரே முறையீடு காதில் விழுகிறது: பழைய பாய்லர் இருபத்தைந்து முப்பது வருஷம் உழைத்தது, ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுத்து வைத்த புதியது ஐந்தாம் வருஷத்திலேயே படுத்துவிட்டது. இந்த முறையீட்டில் உண்மை இருக்கிறது. அதை அலட்சியம் செய்கிறவர்கள் தவறு செய்கிறார்கள். ஆயினும், அது யாரைக் குற்றவாளியாக நிறுத்துகிறதோ அந்தக் குற்றவாளி பெரும்பாலும் நிரபராதி என்பதும், மெய்யான குற்றம் வேறிடத்தில் எவருடைய விசாரணைக்கும் உட்படாமல் கிடக்கிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இதை வாசிப்பவர்களுக்கு, ஒரு பெட்டி பழுதாவது எப்படிப் பத்திரிகையில் எழுதத் தக்க விஷயமாகும் என்ற ஐயம் எழலாம். நம் ஊர்களில் பாய்லர் என்றால் குளிக்கிற வெந்நீர்தான். அது இல்லாத நாளில் அடுப்பில் ஒரு பானை தண்ணீர் வைத்துச் சமாளித்துவிடுகிறோம். பிரிட்டனில் சமையலறைச் சுவரில் தொங்கும் இந்தப் பெட்டியோ, எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அதைக் குழாய்கள் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பி, ஆறிய நீரைத் திரும்ப வாங்கி மறுபடியும் சூடாக்கி, அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரையில் அந்த வீட்டை மனிதர் குடியிருக்கத் தக்கதாக வைத்திருக்கிறது. ஜனவரி இரவொன்றில் அது நின்றுபோனால், விடிவதற்குள் வீட்டுக்குள் பேசுகிறவர்களின் வாயிலிருந்தே ஆவி கிளம்பும். கைக்குழந்தையும், மூச்சுத் தொல்லை உள்ள முதியவரும் இருக்கிற வீட்டில் அதை அசௌகரியம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. உங்கள் மகனோ மகளோ அங்கே குடியிருந்தால், டெலிபோனில் "ஹீட்டிங் வேலை செய்யவில்லை அம்மா" என்று அவர்கள் சொல்லும்போது குரலில் இருக்கும் கவலையின் அளவை இனியாவது சரியாகக் கணித்துக்கொள்வீர்கள்.

உயர்திறன் என்பது எங்கிருந்து வருகிறது என்பதை நிதானமாகப் பார்க்காமல் மேலே செல்வதற்கில்லை. ஏனெனில் பின்னால் வரும் கஷ்டங்கள் அனைத்தும் அந்த ஒரு ரகசியத்தில் அடங்கியிருக்கின்றன. எரிவாயு எரியும்போது உஷ்ணம் மட்டும் பிறப்பதில்லை, நீரும் பிறக்கிறது. ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்குமேல் தண்ணீர் ஆவி வடிவில் உண்டாகிறது. அந்த ஆவி தனக்குள் உள்ளுறை வெப்பமாக, எரிபொருள் தந்த மொத்த உஷ்ணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு போகிறது. பழைய பாய்லர்கள், ஆவி உள்ளேயே நீராகிவிட்டால் வார்ப்பிரும்பு அரித்துப்போகும் என்று அஞ்சி, புகையை மிகுந்த சூட்டுடனேயே வெளியே துரத்தின. புதிய பாய்லரோ, துருப்பிடிக்காத எஃகிலோ அலுமினியக் கலப்பிலோ செய்த வெப்ப மாற்றியின்மேல் அந்தப் புகையைத் தவழவிட்டு, ஆவியை நீராக்கி, அது சுமந்த உஷ்ணத்தைப் பறித்துக்கொள்கிறது. 1980களின் தொடக்கத்திலேயே நெதர்லாந்தில் வீடுகளுக்கு வந்துவிட்ட யந்திரம் இது. புதுமையும் அல்ல, பரிசோதனைப் பொருளும் அல்ல.

ஆனால் ஆவி நீராக வேண்டுமானால், அது தொடுகிற உலோகம் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்; அதாவது, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற தண்ணீர் அந்த அளவுக்கு ஆறி வர வேண்டும். பிரிட்டிஷ் வீடுகளில் வெகுகாலமாக இருந்துவந்த சம்பிரதாயமோ, 82 டிகிரியில் தண்ணீரை அனுப்பி 71 டிகிரியில் திரும்ப வாங்குவது. பழைய பெட்டியை இறக்கி, அதே ஆணிகளில் புதிய பெட்டியைத் தொங்கவிட்டு, அதே குழாய்களில் சேர்த்து, வெப்பநிலையை உச்சத்தில் வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிற ஒருவர், உயர்திறன் பாய்லரை அதன் உயர்திறன் ஒருநாளும் வெளிப்படாத நிலையில் விட்டுச் செல்கிறார். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் என்று லேபிளில் அச்சிட்ட யந்திரங்களை மக்கள் குடியிருக்கும் வீடுகளில் வைத்து அளந்தபோது, ஆய்வுக்கூடத்து எண்ணுக்குச் சில படிகள் கீழேயே அவை நின்றன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2022இல் எரிவாயு விலை தாங்க முடியாத உயரத்துக்குப் போன குளிர்காலத்தில், பாய்லரிலிருந்து புறப்படும் நீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறைத்துவையுங்கள் என்று அரசாங்கமே ஜனங்களுக்கு விளம்பரம் செய்தது. பொருத்திய அன்றே, பொருத்தியவர் கையாலேயே நடந்திருக்க வேண்டிய காரியத்தை, சட்டம் வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு குடும்பத்தலைவரும் கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் செய்ய வேண்டியதாயிற்று. (வெந்நீர்த் தொட்டி தனியாக உள்ளவர்கள் இந்த யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது, தொட்டி நீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும் அபாயம் உண்டு. தொட்டியில்லாத காம்பி பாய்லர்க்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை.)

திறன் வேறு, நம்பகம் வேறு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரிவினை சரியாகப் படவில்லை. வரிசை வீடு ஒன்றுக்குக் கடுங்குளிர் நாளிலும் பத்து கிலோவாட் உஷ்ணம் பெரும்பாலும் போதும். ஆனால் ஷவரில் வெந்நீர் தாராளமாக வர வேண்டும் என்பதற்காகக் காம்பி பாய்லரை 24, 30, சில வேளைகளில் 35 கிலோவாட் அளவுக்கு வாங்கி வைக்கிறார்கள். வெந்நீருக்கு அந்தப் பெரிய சக்தி வேண்டும், மெய்தான், ஆனால் ரேடியேட்டர்களுக்கும் அதே சக்தியுடன் அது பாய்ந்தால், சில நிமிஷங்களில் தண்ணீர் நிர்ணயித்த சூட்டைத் தாண்டிவிட, பாய்லர் அணைகிறது, மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. ஒவ்வொரு பற்றலிலும் விசிறி சுழன்று, தீப்பொறி விழுந்து, வால்வு திறந்து, உலோகம் விரிந்து சுருங்குகிறது. கிரமமாக எரிந்திருந்தால் பதினைந்து வருஷம் உழைத்திருக்கக் கூடிய உறுப்புகள் இந்த ஓயாத பற்றலிலும் அணைதலிலும் தேய்கின்றன. ஹீட்டிங்குக்குச் செல்லும் சக்தியின் உச்சத்தை மட்டும் தனியே குறைத்துவைக்கிற வசதி பெரும்பாலான பாய்லர்களில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்தாம் குறைவு.

2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை இங்குள்ள குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. 1910 முதலான தேசியக் கணக்கிலேயே மிகக் குளிர்ந்த டிசம்பர் அதுதான். பனி இறுகிய அந்த வாரங்களில் உயர்திறன் பாய்லர்கள் தெருத்தெருவாக நின்றன. காரணம் விசித்திரமானது அல்ல. ஆவியிலிருந்து பிறக்கும் நீர், லேசான அமிலத்தன்மையுடன், சிறுகச் சிறுக வடிந்து, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே சாக்கடைக்குப் போக வேண்டும். அந்தக் குழாயைச் சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயில் உள்ளேயே சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதற்குத் தரையையோ அலமாரியையோ கொஞ்சம் பிரிக்க வேண்டும். சுவரில் ஒரு துளை போட்டு வெளியே தள்ளிவிடுவது சுலபம். எனவே விரல் பருமனுக்குச் சற்றே மேற்பட்ட, 21.5 மில்லிமீட்டர்க் குழாய்கள், உறையின்றி, சரிவுமின்றி, வடக்குப் பார்த்த சுவர்களில் நீளவாட்டில் ஓடின. குளிர் வந்தது, சொட்டுச் சொட்டாக வந்த நீர் உறைந்து குழாயை அடைத்தது, பின்னால் வந்த நீர் பாய்லருக்குள்ளேயே தேங்கிக் குளுகுளுவென்று சத்தமிட்டது, பாய்லர் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. அது பழுது அல்ல, பாதுகாப்பு. சூடான நீரை, கொதிக்கிற நீரை அல்ல, ஒரு ஜக்கில் எடுத்துக் குழாயின்மேல் ஊற்றிவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடியிருக்கும். அந்த எளிய உபாயம் தெரியாமல், டெலிபோனில் மணிக்கணக்காகக் காத்திருந்து, அழைப்புக் கட்டணம் கொடுத்து, வந்தவர் ஒரு கெட்டில் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றுவதை வேடிக்கை பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. அதன்பின் தொழில்துறைச் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள்: கூடியவரை வீட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டும், வெளியே போயே தீர வேண்டுமானால் 32 மில்லிமீட்டர்க் குழாய், வானிலை தாங்கும் உறை, நல்ல சரிவு, குறைந்த தூரம். திருத்தம் நல்லது. ஆனால் அதற்குமுன் பொருத்திய குழாய்களை யாரும் போய் மாற்றவில்லை. இன்றும் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ பின்சந்து வழியே நடந்தால் அந்த மெல்லிய வெள்ளைக் குழாய்களைச் சுவர்களில் காணலாம்.

என் பெரியம்மா ஒருவர் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். பெரியப்பா காலமான பின், பிள்ளைகள் சேர்ந்து பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதியது வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் குளிர்காலத்தில் அது இரவுகளில் நின்றுபோகத் தொடங்கியது. முதலில் வந்தவர் மின்சுற்றுப் பலகை போய்விட்டது என்று சொல்லி, 300 பவுண்டுக்குமேல் வாங்கிக்கொண்டு போர்டை மாற்றினார். சில நாளில் மறுபடியும் நின்றது, விசிறி என்றார், விசிறியும் மாறியது. அழுத்தமானி கீழே இறங்கும்போதெல்லாம் பாய்லருக்குக் கீழுள்ள குழாயைத் திறந்து ஊசி ஒன்றரைக்கு வரும்வரை தண்ணீர் விடும்படி பெரியம்மாவுக்குப் பழக்கியும் விட்டுப் போனார். பெரியம்மா சிரத்தையாக, விளக்கு வைக்கிற நேரத்தோடு அதையும் ஒரு நித்திய கருமம் ஆக்கிக்கொண்டார். கடைசியில், வல்வெட்டித்துறைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு முதிர்ந்த தொழிலாளி வந்தார். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் அறை அறையாகப் போய் ரேடியேட்டர்களைக் கையால் தடவிப் பார்த்தார். மேற்பகுதி சுடுகிறது, அடிப்பகுதி சில்லென்றிருக்கிறது. பிறகு கீழ்த்தளத்து ரேடியேட்டரின் வடிகுழாயைச் சற்றே திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தார். கறுப்பாக வந்தது. ஒரு காந்தத்தைக் கிண்ணத்தின் வெளிப்புறம் வைத்து நகர்த்தினார். கறுப்பு முழுதும் காந்தம் போன பக்கமே போயிற்று.

"அன்ரி, பெட்டியிலை பிழை இல்லை. இந்தத் தண்ணியைப் பாருங்கோ. பழைய குழாயளைக் கழுவாமல் புதுப் பெட்டியைப் பூட்டியிருக்கினம்."

"அப்ப நான் குடுத்த காசு, தம்பி?"

அவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. விரிவுக்கலத்தின் காற்று வால்வை ஒரு குச்சியால் அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் பீறிட்டது. உள்ளே இருக்கும் ரப்பர்த் திரை கிழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அவர் கண்டதை விளக்கினால் விஷயம் முழுவதும் வெளிச்சமாகும். தண்ணீர் சூடேறினால் விரியும். விரிந்த நீருக்கு இடங்கொடுக்கத்தான் ஒருபுறம் காற்றும் மறுபுறம் தண்ணீருமாக அந்தக் கலம் இருக்கிறது. காற்று போய்விட்டால், சூடேறும்போது அழுத்தம் தாறுமாறாக உயர்ந்து, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும், ஆறிய பின் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும், பாய்லர் நிற்கும். வீட்டுக்காரர் புதுத் தண்ணீர் விடுவார். புதுத் தண்ணீரில் பிராணவாயு உண்டு. அது ரேடியேட்டர்களின் உட்புற இரும்பை அரித்துக் கறுப்புச் சேறாக்கும். முதலிலேயே கழுவப்படாத சேற்றோடு இதுவும் சேர்ந்து, வெப்ப மாற்றியின் மெல்லிய நீர்வழிகளில் போய்ப் படியும். பழைய வார்ப்பிரும்பு பாய்லரின் அகன்ற வழிகளில் இந்தச் சேறு ஒரு மூலையில் கிடந்து காலம் தள்ளியிருக்கும். புதிய யந்திரம் அதைப் பொறுக்காது. வழி அடைபட்டால் சூடு ஓரிடத்தில் குவிந்து, உணர்கருவி அபாயம் கண்டு நிறுத்திவிடும். திரையில் ஒரு பிழைக்குறி தோன்றும். அந்தக் குறி நோயின் அறிகுறியைச் சொல்லுமே தவிர நோயைச் சொல்லாது. அதைப் பார்த்து ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போவது வைத்தியமும் அல்ல, தொழிலும் அல்ல. தன் கணவரின் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதிய பெண்ணிடம் அப்படிச் செய்வது அநியாயம். பெரியம்மா வீட்டில் கடைசியாக நடந்த வேலை மூன்றுதான்: குழாய்களை இரசாயனமிட்டுக் கழுவியது, கலத்தை மாற்றியது, திரும்பி வரும் குழாயில் ஒரு காந்த வடிகட்டி வைத்தது. முதல் நாளே இவை நடந்திருந்தால் போர்டும் விசிறியும் இன்றைக்கும் தம் இடத்திலேயே இருந்திருக்கும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் குடிநீர் பெரும்பாலும் சுண்ணப் பாறை நிலத்தின் வழியாக வருவது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சிக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவம் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காம்பி பாய்லரில் குழாய்நீரைச் சூடாக்கும் தகட்டு மாற்றியில் அதே படிவம் படிந்தால், ஷவரில் நீர் சுட்டும் ஆறியும் மாறி மாறி வரும். அந்தத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். அதற்காகப் பாய்லரையே மாற்றச் சொன்ன கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உயிர்ப் பாதுகாப்பு விஷயத்தில் பிரிட்டனின் விதிகள் கண்டிப்பானவை; அதை மனமாரப் பாராட்டுகிறேன். 2009 ஏப்ரல் முதல் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே எரிவாயு வேலையில் கை வைக்கலாம். அவர் அட்டையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பதும் எழுதியிருக்கும். எரிந்த புகையைக் கருவியால் அளந்து, கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004க்குமேல் போகாமல் பார்ப்பது அவர்கள் கடமை. உயிரைக் கொல்லும் வாயுவை இத்தனை நுட்பமாக அளக்கச் செய்யத் தெரிந்த சட்டத்துக்கு, வீட்டின் உஷ்ணத் தேவை எவ்வளவு, குழாய்நீர் சுத்தமா, திரும்பும் நீர் எத்தனை டிகிரியில் வருகிறது என்று அளக்கச் செய்வது மட்டும் எப்படி அசாத்தியமாகிவிடும்?

விதிகள் யந்திரத்தைத்தான் மேன்மேலும் நெருக்கிவந்திருக்கின்றன. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் பாய்லரின் திறன் குறைந்தபட்சம் 92 சதவீதம் இருக்க வேண்டும் என்றார்கள். 2022 ஜூனில், புதிய ஹீட்டிங் அமைப்பு முழுவதையும் 55 டிகிரிக்கு மேற்படாத நீரில் இயங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்று வந்த விதிதான் முதன்முதலாகச் சரியான இடத்தில் கை வைத்தது. ஆனால் அது பாய்லர், குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுகிறவர்களுக்கே பொருந்தும். பெட்டியை மட்டும் மாற்றுகிறவர்கள், அதாவது நம்மில் அநேகமாக எல்லோரும், அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறோம். கேஸ் பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் என்னும் மின்சார வெப்ப யந்திரம் வைப்பதற்கு 7,500 பவுண்டு அரசு மானியம் கேட்டால், ஒவ்வோர் அறையும் எவ்வளவு உஷ்ணத்தை இழக்கிறது என்ற கணக்கு முதலில் போடப்பட்டாக வேண்டும். சுவரின் பருமன், ஜன்னலின் அளவு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதே வீட்டில், அதே ரேடியேட்டர்களுக்கு, கேஸ் பாய்லர் வைக்கும்போது அந்தக் கணக்கை ஒருவரும் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் ஒன்றையும் நான் காணவில்லை.

பெரும்பாலான பாய்லர் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் பெஞ்ச்மார்க் என்று ஒரு படிவம் இருக்கிறது. அமைப்பு கழுவப்பட்டதா, எந்தத் துருத் தடுப்பு மருந்து விடப்பட்டது, வாயு அழுத்தம் என்ன, புகை அளவீடு என்ன, கழிவு நீர்க் குழாய் எப்படிச் செல்கிறது என்பனவற்றைப் பொருத்தியவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நல்ல படிவம். ஆனால் வீடு வீடாக நான் பார்த்த கையேடுகளில் பாதிக்குமேல் அந்தப் பக்கங்கள் வெறுமையாகவோ, தேதியும் கையொப்பமும் மட்டும் உடையனவாகவோ இருந்தன. இந்த அலட்சியத்தின் பலனை அனுபவிப்பவர் வீட்டுக்காரரே. ஏழு வருஷம், பத்து வருஷம் என்று பெரிய எழுத்தில் தருகிற வாரண்டியின் நிபந்தனைகளைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள்: இந்தப் படிவம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும், வருஷந்தோறும் சர்வீஸ் நடந்திருக்க வேண்டும், சேற்றாலோ சுண்ணாம்பாலோ நேர்ந்த பழுதுக்குப் பொறுப்பில்லை. பாய்லரைச் செய்கிற நிறுவனங்களுக்கே பழுது எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குத்தான் அதை ஒருவரும் சொல்வதில்லை.

பொருத்துகிறவர்களைக் குறைகூறுவது என் எண்ணமன்று. அவர்களில் மிகச் சிறந்த கைகாரர்கள் இருக்கிறார்கள், நம்மவர்களிலும் இருக்கிறார்கள். குளிருக்கும் இரவுக்கும் அஞ்சாமல் வந்து உதவுகிற அவர்கள் உழைப்பின்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் ஒரே நாளில் முடிக்க வேண்டும், பக்கத்துத் தெருக்காரரைவிட 200 பவுண்டு குறைத்துச் சொல்ல வேண்டும் என்ற போட்டியில், கழுவுகிற அரை நாளும் கணக்குப் போடுகிற ஒரு மணி நேரமும்தாம் முதலில் பலியாகின்றன. அந்தப் போட்டியை நடத்துகிறவர்கள் நாம்தாம். மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, என்ன வேலை விடுபட்டதால் விலை குறைந்தது என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். விலை சொல்ல வந்தவர் எந்த அறையையும் அளக்காமல், ரேடியேட்டர்களை எண்ணிப் பார்க்காமல், சமையலறையிலேயே நின்று தொகையைச் சொல்வாரானால், அவருக்குத் தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு வேறொருவரை அழைப்பது உத்தமம். கடைசித் தவணைப் பணத்தை, படிவம் நம் கண்முன் நிரப்பப்பட்டு, திரும்பும் நீரின் வெப்பநிலை காட்டப்பட்ட பின்னரே கொடுக்க வேண்டும். முப்பது நாளுக்குள் வர வேண்டிய கட்டட விதி இணக்கச் சான்றிதழையும் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டை விற்கும் நாளில் வக்கீல் அதைக் கேட்பார். வேலை தகுந்த கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படவில்லை என்றால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, அதைத் திரும்பச் செய்யும்படியோ விலையைக் குறைக்கும்படியோ கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் நாள் அளவீடுகள் தாளில் இல்லாவிட்டால் அந்த உரிமையை எதைக்கொண்டு நிரூபிப்பது?

ஆகவே சட்டம் செய்ய வேண்டியது கடினமான காரியம் அன்று. பெட்டியை மட்டும் மாற்றுகிற வீட்டிலும் உஷ்ண இழப்புக் கணக்குப் போட வேண்டும். ஹீட்டிங் சக்தியின் உச்சத்தையும் நீரின் சூட்டையும் அந்தக் கணக்குக்கு ஏற்பக் குறைத்துவைக்க வேண்டும். குழாய்களைக் கழுவி வடிகட்டி வைத்ததற்குச் சாட்சியாக நீரின் பரிசோதனை முடிவைப் பதிய வேண்டும். இந்தப் பதிவு கேஸ் சேஃப் அறிவிப்போடு சேர்ந்தே போக வேண்டும். இல்லையேல் இணக்கச் சான்றிதழ் வரக் கூடாது. தவறு செய்தவர் பெயர் அந்தத் தாளில் இருக்கும் என்று தெரிந்தால், அரை நாளை மிச்சம் பிடிக்கிற ஆசை தானாகவே குறையும். ஒழுங்காக வேலை செய்கிறவர்களும், குறைந்த விலைக்காரரிடம் வேலையை இழக்கிற அநீதியிலிருந்து தப்புவார்கள்.

சொந்த வீட்டுக்காரருக்காவது யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. புதிதாக இங்கு வந்து சேர்கிற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாடகை வீட்டில்தான் முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். ஹீட்டிங்கையும் வெந்நீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருப்பது வீட்டு உரிமையாளர் கடமை என்று 1985ஆம் ஆண்டு நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புப் பரிசோதனை நடத்தி, அதன் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவர் கையில் கொடுக்கவும் வேண்டும். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், புகை போகும் வழி சரியா, வாயு கசிகிறதா, பாதுகாப்புக் கருவிகள் இயங்குகின்றனவா என்பதெல்லாம் இருக்கும். குழாய்நீர் கறுத்துப்போயிருக்கிறதா, விரிவுக்கலத்தில் காற்று இருக்கிறதா, கழிவு நீர்க் குழாய் வெளியில் உறையின்றி ஓடுகிறதா என்பது இருக்காது. எப்படியும் வருஷந்தோறும் தகுதி பெற்ற ஒருவர் கருவிகளோடு அந்த வீட்டு வாசலுக்கு வருகிறார்; இந்த மூன்றையும் பார்த்து மூன்று வரிகள் எழுத அவருக்கு அதிக நேரம் பிடிக்காது. அடுத்த முறை அந்தப் படிவத்தைத் திருத்தி அச்சிடும்போது அந்த மூன்று வரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று, வாடகைதாரர் சங்கங்களும், தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் பழக்கமுள்ள நம் ஊர்ச் சங்கங்களும், இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கேட்க வேண்டும்.